விருந்து நீரை நிறுத்தி, கணவாய்ப் படையைத் திரும்ப அழைத்த ஓலை

நீர் நிறைக. கரை நிலைக்க. கதிர் தலை சாய்க.

ஏழு மதகுகளுக்கும் உரியவரும், ஆம்பற்கரை நாட்டின் முடியும் கோலும் தாங்கியவருமான அரசி குவளைநங்கையார் சொல்லியருள, அரண்மனை ஓலைநாயகம் எயினங்கொற்றி எழுதியது. கல்வரைக் கணவாயின் இப்புறம் படையோடு தங்கியிருக்கும் பெரும்படைத் தலைவரும், அரசியாரின் உடன்பிறந்த தம்பியுமான மாவலனார் கண்டு கொள்க. உம் யானைகள் நோயின்றி இருக்க. உம் வீரர்கள் மலைக்குளிரைத் தாங்கி நிற்க.

படை கணவாயைத் தாண்டக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது. உமது கோபத்தை அறிந்தவராதலால், கட்டளையை முதலில் எழுதும்படி அரசியார் சொன்னார்.

நடந்தவற்றில் பாதியை நீர் அறிவீர். மழைக்காலக் காய்ச்சலுக்கு நிலவேம்பு வேண்டி நாம் ஆண்டுதோறும் மலையை எதிர்பார்த்திருந்தோம். அந்தக் குறை தீர, கல்வரை வேந்தர் கோடன்வேள் விதையையும் தம் அரண்மனை மருத்துவச்சி வெண்டாளியையும் நட்பின் பேரில் அனுப்பி வைத்தார். ஆற்றங்கரைத் தோட்டத்தில் செடி இடுப்பளவு வளர்ந்தது. ஆயினும் இந்த ஆண்டு காய்ச்சல் வந்தபோது அதன் கஷாயம் ஒருவரையும் காக்கவில்லை. படகுக் காவலர் பலர் இறந்தனர். அரசியாரின் பொறுப்பில் நீர் விட்டிருந்த உம் மகள் பொன்னாச்சியும் இறந்தாள். வந்தது போலி விதை என்று தலைமை மருத்துவர் ஆதனார் அவையில் சொல்ல, வெண்டாளி சிறைப்பட்டாள். அவள் தலையையும் அவள் வேந்தனின் தலையையும் ஒரே கூடையில் வைப்பதாக நீர் சூளுரைத்தீர். அப்போது அரசியாரும் உம்மைத் தடுக்கவில்லை.

நீர் புறப்பட்ட பின், குற்றத்தை அவள் வாயாலேயே கேட்க வேண்டுமென்று அரசியார் சிறைக்குச் சென்றார். வெண்டாளி அழவுமில்லை, காலில் விழவுமில்லை. போலிச் செடியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் வரும்வரை அதன் பக்கத்திலேயே குடியிருக்கத் தனக்கென்ன பித்தா என்று கேட்டாள். பிறகு, தோட்டத்து வேலியை ஆடுகள் உடைத்த நாள் நினைவிருக்கிறதா என்றாள். ஆடுகள் அன்று நிலவேம்பை அடிவரை மேய்ந்தன. எங்கள் ஊர் ஆட்டுக்குக்கூட மருந்து பிடித்துவிட்டது என்று தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். மலையில் பட்டினி கிடக்கும் ஆடும் அந்தச் செடியில் வாய் வைப்பதில்லையாம். அன்றே அவள் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஊரில் இல்லாத தண்ணீரை நாங்கள் கொடுத்தால் உனக்கு ஏனம்மா வயிறு எரிகிறது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். விருந்தாளியாக வந்த இடத்தில் மறுபடி சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

அவர்களை நொந்து பயனில்லை. வேற்று நாட்டுச் செடி நம் மண்ணில் இறங்கினால் அது விருந்து. அதன் வேர் காயக் கூடாது, தலையில் வெயில் படக் கூடாது என்பது நம் வழக்கம். விருந்து நீர் ஊற்றும் நாளில் நாடே குடம் எடுத்து வருகிறது. நிலவேம்புக்கும் அவ்வாறே ஊற்றினோம், எருவிட்டோம், பந்தல் போட்டோம்.

சிறையிலிருந்து அரசியார் தோட்டத்துக்குப் போனார். மதிலுக்கு வெளியே, பழைய சுண்ணாம்புக் காளவாயின் சரளையில், தோட்டத்து நெற்று வெடித்துச் சிதறிய விதைகள் தாமாகவே முளைத்திருந்தன. சாண் உயரம், சிவந்து சுருங்கிய இலை. அவற்றை ஆடு தொடவில்லை. அரசியார் ஒன்றைப் பறித்து மென்றார். அந்தக் கசப்பு இரவு உண்ட சோற்றிலும் இருந்தது. தோட்டத்து இலையையும் மென்று பார்த்திருந்தார். அது கீரை போலிருந்தது.

தம்பியாரிடம் மறைக்கக் கூடாது என்று இதையும் எழுதச் சொன்னார். பொன்னாச்சிக்குக் கஷாயத்தை அரசியார்தாம் ஊட்டினார். பிள்ளை முகம் சுளிக்கவில்லை. அத்தை, இது கசக்கவே இல்லையே என்று சொல்லி, இன்னொரு மடக்கு கேட்டு வாங்கிக் குடித்தாள். அடம் பிடிக்காமல் குடிக்கிறாளே என்று அரசியார் மகிழ்ந்தார்.

மறுநாள் ஆதனார் அழைக்கப்பட்டார். காளவாய்ச் செடியும் தோட்டத்துச் செடியும் ஒரே விதையின் பிள்ளைகள் என்பதை அவரே தண்டையும் பூவையும் பிரித்துப் பார்த்துச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த படகுக் காவலரில் ஒரு சாராருக்குச் சரளைச் செடியின் கஷாயமும், மற்றவர்களுக்குத் தோட்டத்துச் செடியின் கஷாயமும் தரப்பட்டன. முன்னவர்களுக்குக் காய்ச்சல் இறங்கியது. மற்றவர்களுக்கு இறங்கவில்லை. பிறகு அவர்களுக்கும் சரளைச் செடியையே கொடுக்க, பெரும்பாலோர் எழுந்து உட்கார்ந்தனர். தம் சொல்லைத் திரும்பப் பெறுவதாக ஆதனார் அவையில் நின்று அறிவித்தார்.

அவரும் வெண்டாளியும் கூடிச் சொன்ன முடிவு இது. இந்தச் செடி தன்னைக் காத்துக்கொள்ளத்தான் கசப்பைச் சேர்க்கிறது. வெயில் சுட, கல் காய, புழு கடிக்க அது தன் இலையில் மருந்தைக் கூட்டுகிறது. எல்லாம் கேளாமலே கிடைத்தால் தழைக்கிறது, அவ்வளவுதான். பூக்கும் பருவத்தில் அறுக்காமல், எடை கூடட்டும் என்று நெற்று முற்றும்வரை நாம் விட்டதும் பிழை. எல்லா மூலிகைக்கும் இது பொருந்தாது. வல்லாரை நம் ஈரக்கரையில் குணத்தோடு வளர்கிறது. மலைப்பாறையில் இட்டால் சோர்ந்து போகிறது. எந்தச் செடிக்கு எது தேவை என்பதை அதனதனிடம் பார்த்தே அறிய வேண்டுமாம்.

இனி உமக்கு மட்டும். ஒரு பகைவன் இருந்தவரை அரசியாரால் உண்ணவும் உறங்கவும் முடிந்தது. குற்றம் மலைக்கு அப்பால் இருக்கிறது, தம்பி அதை வெட்டிக் கொண்டு வருவான் என்று நினைத்திருக்க முடிந்தது. இப்போது மலைக்கு அப்பால் யாருமில்லை. குழந்தையைக் கொன்றது நஞ்சுமல்ல, வஞ்சமுமல்ல. குடம் குடமாக நாம் ஊற்றிய பரிவு. அதை எந்தப் படையால் வெல்வது என்று அரசியாருக்குத் தெரியவில்லை. உம்மிடமிருந்து பகைவனையும் பறிக்கிறோம் என்பது தெரிந்தே இந்த ஓலை வருகிறது.

ஆகவே கட்டளை. கணவாயில் நாட்டிய கொடி இறங்குக. மூலிகைத் தோட்டங்களில் விருந்து நீர் இன்றோடு நிற்க. நிலவேம்பு இனிச் சரளை மேட்டில் வளர்க. வெண்டாளி சிறை நீங்கி, அரசியாரின் பல்லக்கில் கணவாய்க்கு வருகிறாள். அவள் தலையைக் கேட்டவர் நீர். ஆதலால் அவள் வேந்தரின் எல்லைவரை அந்தப் பல்லக்குக்கு முன்னால், வாளின்றி, நீரே நடந்து போக வேண்டும்.

அதன்பின் படையைத் துணைத்தலைவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வருக. பிள்ளைக்காக நீர் இன்னும் அழவில்லை. அரசியாரும் அழவில்லை.

மதகும் கயலும் பொறித்த அரச முத்திரை இட்டு, ஓலை கட்டப்பட்டது. கண்டவுடன் நடக்க.