சோற்றுக்கு வெச்ச காரம்

கச்சிராயபாளையம்,
23.11.1987, திங்கள்

என் பிரியமான மாமாவுக்கு,

தங்கமணி கும்பிட்டு எழுதுறேன். நானும் இலக்கியாவும் அத்தையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கோம். கடலூர் ஜெயில்ல கொசு ஜாஸ்தின்னு போன தடவை மனு போட்டுப் பார்க்க வந்தப்ப சொன்னீங்களே, அந்தக் கவலைதான் ஓயமாட்டேங்குது. உங்களுக்கு முன்னாடி இந்தக் கடிதாசியைப் படிக்கப்போற ஜெயில் சாருக்கும் வணக்கம். சார், இதுல போராட்டம் பத்தி ஒண்ணும் இல்ல. புருஷன் பொண்டாட்டி சண்டைதான் இருக்குது. பொறுமையாப் படிச்சுட்டு அவர்கிட்ட குடுத்துடுங்க.

முதல்ல ஊர் சேதி. கோமுகி அணையில தண்ணி தொறந்துட்டாங்க. கரும்புக்கு ஆலையிலேருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரல, ஆனா பயிர் நல்லா நிக்குது. செப்டம்பர்ல ரோட்டுல சாய்ச்ச மரத்தையெல்லாம் அறுத்து எடுத்துட்டாங்க, பஸ் ஒழுங்கா ஓடுது. பள்ளிக்கூடத்துல அப்பா எங்கேன்னு கேட்டதுக்கு, இட ஒதுக்கீடு வாங்க கடலூர் போயிருக்காருன்னு சொன்னாளாம் உங்க பொண்ணு இலக்கியா. என்னமோ மளிகைக்கடைக்குப் போன மாதிரி! டீச்சரம்மா சிரிச்சுட்டு, நல்லபடியா வாங்கிக்கினு வரட்டும்னு சொன்னாங்களாம். வக்கீலைப் பார்த்தேன். வர்ற வெள்ளியோ சனியோ ஜாமீன்ல விட்டுடுவாங்கன்னு சொல்றார். இந்தத் தடவை மனுஷன் கண்ணைப் பார்த்துப் பேசினார், அதனால நம்புறேன்.

இனிமே சண்டைக்கு வர்றேன். முந்தாநேத்து சனிக்கிழமை நான் பாண்டிச்சேரிக்குப் போய்ட்டு வந்தேன். ஆமாம், நீங்க எந்த இடத்துக்குப் போகாதேன்னு சொன்னீங்களோ அந்த இடத்துக்குத்தான். வேற யாராவது வந்து கண்ணு காது மூக்கு வெச்சு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

பாண்டியில எல்லாரும் முசே முசேன்னு மரியாதையாக் கூப்பிடுற அந்த ஓட்டல்காரர் அரங்கநாதனுக்கு வாக்கு குடுத்தது யாரு? நீங்க. ரெண்டு வருஷமா மலையிலேருந்து தேனும் மிளகும் கொண்டுபோய் அவர் ஓட்டலுக்குக் குடுக்குறது நீங்க. அணையைப் பார்க்க வந்த மனுஷரை வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்து என் கோழிக் குழம்பை ஊத்தினது நீங்க. மழைக்காலத்துல ஒயின் ருசி பார்க்குற விருந்து வைக்கப்போறேன், அஞ்சு ஒயினுக்கு அஞ்சு சாப்பாடு, அதுல ஒண்ணு தங்கச்சி சமைக்கட்டும்னு அவர் கேட்டப்ப, பெருமையாத் தலையாட்டினதும் நீங்கதான். அப்புறம் மறியல்னு ரோட்டுல போய் உட்கார்ந்தீங்க, போலீஸ் வேன்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க. மனு போட்டுப் பார்க்க வந்து ஞாபகப்படுத்தினா, குடிக்கிறவன் நடுவுல என் பொண்டாட்டி கரண்டி புடிக்கிறதான்னு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு கத்துறீங்க. பக்கத்துல நின்ன பொம்பளைங்க எல்லாம் என்னையே பார்த்தாங்க. அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப எனக்கு அழுகைகூட வரல, கோவம்தான் வந்துது.

குடுத்த வாக்கைக் காப்பாத்தப் போனேன்னு சொல்லிடலாம். அது பாதிதான் நிஜம். எனக்கு ஆசையா இருந்துது மாமா. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல என் சமையலை உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு சொன்னவங்க உண்டு. வேணும்னு தேடி வந்து கேட்டவர் இந்த ஒருத்தர்தான்.

தனியாப் போகல. தையல் கிளாஸ் காலத்துலேருந்து என் கூட்டாளி மெஹ்ராஜ் அக்கா வந்தாங்க. தொணைக்கு அவங்க வூட்டுக்காரர், ஜவுளிக்கடை கவுஸ் பாஷா அண்ணன். ஓட்டல் வாசலைப் பார்த்ததும் அண்ணன், நீங்க போய்ட்டு வாங்கம்மான்னு கடற்கரையில உட்கார்ந்துட்டார். திரும்பி வர்றப்ப பார்த்தா சுண்டல் விக்கிற ஆளுக்கு மருமகனே ஆகியிருந்தார்.

மலையிலேருந்து மாயவன் அண்ணன் கொண்டாந்த புது மிளகை இடிச்சு, நாட்டுக்கோழி நாலு அடிச்சு, நம்ம வூட்டுக் குழம்புதான் வெச்சேன். கூட சாமைச் சோறு. அடுப்பு வேலை முடிஞ்சதும் முசே அஞ்சு பாட்டிலையும் திறந்து வரிசையா வெச்சு, வாசனையாவது பாருங்கம்மான்னார். அக்கா அந்த விஷயத்துல கறார், நாக்குல வைக்கமாட்டாங்க. ஆனா அத்தர் வித்த குடும்பத்துல பொறந்த மூக்கு சும்மா இருக்குமா? ஒவ்வொண்ணா மோந்துட்டு, இது எலுமிச்சை, இது ஈர மரம், கடைசியில இருக்குறது அப்பட்டமா நம்ம மலைத் தேன் வாசனைன்னு சொன்னாங்க. முசே அசந்துட்டார். அது பலகாரத்தோட கடைசியில குடுக்குற இனிப்பு ஒயினாம்.

பரிமாறிட்டு சமையக்கட்டுலயே நின்னுக்கலாம்னு பார்த்தேன். சமைச்சவங்க உட்காராம விருந்து ஆரம்பிக்காதுன்னு முசே எங்க ரெண்டு பேருக்கும் மேஜையில நாற்காலி போட்டுட்டார். வெள்ளைக்காரங்களும் பாண்டிக்காரங்களுமா பதினெட்டுப் பேர். அக்காவுக்கு திராட்சை ஜூஸ். எனக்கு முன்னாடி அஞ்சு கண்ணாடி கிளாஸ். சார், இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாப் படிங்க. ஆமாம் மாமா, ஒரு வாய் குடிச்சேன். கண்ட இடத்து கிளாஸை எச்சி பண்ணக்கூடாதேன்னு நம்ம வழக்கப்படி அண்ணாந்து ஊத்திக்கினேன். மேஜையே திரும்பிப் பார்த்துது. எதிர்ல இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க, நானும் ஊத்திக்கிறேன்னு கழுத்தெல்லாம் நனைச்சுக்கினாங்க. ஒயின் இன்னா ருசின்னு கேட்டா, முத்தாத நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கு சுருங்குது. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்னு தோணுச்சு.

நாலாவதா என் குழம்பு வந்துது. அப்பத்தான் தப்பு தெரிஞ்சுது. நாம குழம்புல காரம் போடுறது எதுக்கு? ஒரு தட்டு சோத்தைப் பிசைஞ்சு தின்றதுக்கு. ஓட்டல் ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பெரிய தட்டு நடுவுல கோழியையும் குழம்பையும் தாராளமா வெச்சு, ஓரத்துல சாமைச் சோத்தை ஒரே ஒரு கரண்டி, குழந்தைக்கு ஊட்டுற அளவுக்கு வெச்சுக் கொண்டாந்தாங்க. சோறு தாராளமா வைக்கணும்னு நான் சொல்லல. சொல்லணும்னே எனக்குத் தோணல. குழம்புன்னா சோத்தோடதானே, இதைக்கூடவா சொல்லித் தருவாங்க?

எல்லாரும் கறியை அப்படியே தின்னுட்டு, மேல அந்த சிவப்பு ஒயினைக் குடிச்சாங்க. எரியுற அடுப்புல கிரசின் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தர் இருமுறார், ஒருத்தர் துண்டால கண்ணைத் துடைக்கிறார், தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க. முசே முகம் செத்துப்போச்சு. நான் எழுந்து சமையக்கட்டுக்கு ஓடிட்டேன். நீங்க சொன்னது பலிச்சுடுச்சு, உனக்கு இதெல்லாம் தேவையாடின்னு செவுத்துல சாஞ்சு அழுதேன். உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேனேன்னு தோணுச்சு.

மெஹ்ராஜ் அக்கா பின்னாடியே வந்து, அழுறதை வூட்டுல போய் அழு, நம்ம வூட்டுப் புள்ளைங்களுக்குக் காரம் ஏறினா இன்னா குடுப்போம்னு அதட்டினாங்க. தேன் நக்கக் குடுப்போம். அதைச் சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. முசேவைக் கூப்பிட்டு, அந்த இனிப்பு ஒயினைக் கடைசிக்கு வைக்காதீங்க, இப்பவே ஊத்துங்க, சிவப்பை எடுத்துடுங்கன்னேன். சோத்துப் பானையை நானே தூக்கிக்கினு போய் ஒவ்வொரு தட்டுலயும் அள்ளி வெச்சேன். பிசைஞ்சு தின்னுங்கன்னு கையால காட்டினேன். முசே சிவப்பை எடுத்துட்டு இனிப்பை ஊத்தினார்.

முதல்ல அந்தக் கழுத்து நனைச்ச அம்மா தின்னாங்க. ஒரு வாய் சோறு, ஒரு வாய் இனிப்பு ஒயின். கண்ணை மூடித் திறந்தாங்க. இன்னும் கொஞ்சம் குழம்புன்னு தட்டை நீட்டினாங்க மாமா! அப்புறம் எல்லாத் தட்டும் நீண்டுது. பானையைச் சுரண்டி வெச்சேன். பதினெட்டுப் பேரும் கை தட்டினப்ப அக்கா என் கையைப் புடிச்சுக்கினாங்க.

கிளம்புறப்ப முசே, சனிக்கிழமை தோறும் வந்து ஒரு மலைச் சாப்பாடு செஞ்சு குடுக்கணும்னு கேட்டார். காலையில பஸ் ஏறினா ஞாயித்துக்கிழமை மத்தியானம் வூட்டுல இருப்பேன். தங்குறது அவர் கூடப் பொறந்த தங்கச்சி வூட்டுல. இலக்கியாவை அத்தை பார்த்துக்குவாங்க. விஷயத்தைச் சொன்னதும் அத்தை முழுசையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. அப்புறம், மிளகை இன்னும் கொஞ்சம் நைசா இடிச்சிருக்கலாம்னாங்க. உங்க அம்மா காசியம்மாள் வாயிலேருந்து அதுதான் ஆசீர்வாதம்னு உங்களுக்கே தெரியும்.

நான் சரின்னு சொல்லிட்டேன். உங்களைக் கேட்டுட்டு சொல்றேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன். சின்னசேலம் கூட்டத்துல நீங்கதானே மேடையேறிப் பேசினீங்க, தகுதி இருந்தும் வாசல்லயே நிக்க வெச்சா எத்தனை நாள் நிப்போம்னு. அன்னிக்கு முன் வரிசையில உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினவ நான். அது எனக்கும் சேர்த்துத்தான் பேசினீங்கன்னு நினைச்சுக்கினு இருக்கேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க.

உங்களை மீறினதுக்கு எனக்கு வருத்தம் இருக்குது. போனதுக்கு வருத்தம் இல்ல. ரெண்டையும் மறைக்காம எழுதிட்டேன். நீங்க வேணாம்னு ஒரேயடியா நின்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல மாமா. அப்படி நிக்காதீங்க, அதுதான் கேட்டுக்கறேன்.

வெள்ளிக்கிழமை விட்டாங்கன்னா வூட்டுக்கு வாங்க, மறுநாள் ஒண்ணா பஸ் ஏறுவோம். சனிக்கிழமை விட்டாங்கன்னா ஊருக்கு வராதீங்க, நேரா பாண்டிக்கு வந்துடுங்க. முசேகிட்ட உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். முதல்ல உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுங்க. எத்தனை நாளாச்சோ! அப்புறம் திட்டுங்க. இத்தனை நாளும் கம்பிக்கு அந்தப் பக்கத்துலேருந்து திட்டினீங்க, பாதி காதுல விழல. பக்கத்துல உட்கார்ந்து திட்டுங்க, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கினு இருப்பேன்.

உங்களையே நினைச்சுக்கினு இருக்கிற,
தங்கமணி