அண்ணன் இருக்கும் மலை

நுவோரோ
ஏப்ரல் 2, 2009

அன்புள்ள அந்தியோகா அண்ணிக்கு,

ரைமோண்டா எழுதுவது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதீர்கள். உங்கள் மலைக்கு ஏறும் பாலம் பிப்ரவரி மழையில் அடித்துக்கொண்டு போனதைப் பேப்பரில் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் ஏறாது, வேன் ஏறாது. அந்த மலை உச்சியில், எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன ஊரில், எழுபத்தெட்டு வயதில் நீங்கள் ஒருத்தி மட்டும். ரொட்டிக்கு என்ன செய்கிறீர்கள்? விறகு யார் வெட்டுகிறார்கள்?

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சைக்கிளில் வருகிறேன். சிரிக்க வேண்டாம். என் இடுப்பில் இரும்பு வைத்த டாக்டர் ஏற்கெனவே சிரித்துவிட்டார். "சிஞ்ஞோரா, மாடிப்படியே உங்களுக்குப் போதுமான மலை" என்றார். இந்தக் கால்கள் பாமீர் மலைகள் வரை மிதித்துப் போய் வந்தவை என்பது அவருக்கு எங்கே தெரியப் போகிறது!

பாதி தூரம் ரயிலில் போகலாமே என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். போகலாம்தான். ஆனால் எனக்கு எழுபத்தொரு வயது, அண்ணி. உலகமெல்லாம் மிதித்தேன், அண்ணன் இருக்கும் மலைக்கு மட்டும் ஒரு தடவைகூட மிதித்து வந்ததில்லை. அண்ணன்மேல் சுரங்கம் சரிந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது துருக்கியில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எப்போது வந்தாலும் பஸ்ஸில்தான். இந்த ஒரு முறையாவது என் காலால் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வந்தால் உங்களை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டேன். என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. இரண்டு கிழவிகள் ஒரே அடுப்பில் சமைத்தால் விறகாவது மிஞ்சும். யோசியுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
ரைமோண்டா


பெர்தா நியெதா
ஏப்ரல் 14, 2009

என் அருமை ரைமோண்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? எந்த வயதில் எதைச் செய்கிறாய்? நீ வர வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

நான் நன்றாகவே இருக்கிறேன். தபால்காரர் தொனாதோ பாவம், ஆற்றை நடந்தே தாண்டி வருகிறார். வரும்போது மாவும் காப்பித்தூளும் கொண்டுவருகிறார். ஈஸ்டருக்குக் கொஞ்சம் தேன் பணியாரம் செய்தேன். யார் சாப்பிட? நானும் பூனையும்தான். சிம்னி புகைகிறது, காற்று வடமேற்கிலிருந்து வந்தால் வீடு முழுக்கக் கரி. பழைய பள்ளிக்கூடத்தின் கூரை போன மாதம் முழுசாக உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பயந்துபோனேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரிடம் போகிறேன். சுரங்க வாய்க்குப் பக்கத்தில் அந்தக் காற்றுக் குழாய் இன்னும் நிற்கிறது. வாயை வைத்து ஊர்ச் செய்தி எல்லாம் சொல்வேன். ஊரே இல்லை, செய்தி ஏது என்று கேட்காதே. பாலம் போனதைச் சொன்னேன். நீ சைக்கிளில் வரப் போகிறாய் என்றும் சொன்னேன். "அவளுக்கு எப்பவும் சக்கரத்துலதான் மூளை" என்று சிரித்திருப்பார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். இங்கே ஒரு ஆள் குடியிருக்கும்வரை சுரங்க வாயை மூடக் கூடாது என்று நகராட்சியோடு பேசி முடித்தது உனக்கே தெரியும். நான் போய்விட்டால் அவர்மேல் சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் காத்தவளை இப்போது எழுந்து வா என்கிறாயே, நியாயமா?

இடுப்பைப் பார்த்துக்கொள். வராதே.

உன் அண்ணி,
அந்தியோகா


தேசுலோ
ஏப்ரல் 27, 2009

அன்புள்ள அண்ணி,

கிளம்பிவிட்டேன். வராதே என்று நீங்கள் எழுதினால் நான் வந்துதான் தீருவேன் என்று இவ்வளவு காலத்தில் தெரிந்திருக்க வேண்டாமா?

ஃபொன்னி ஏற்றம் என்னைப் பிழிந்துவிட்டது. இருபது வயதில் அதைப் பாடிக்கொண்டே ஏறியிருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, சுவரில் சாய்ந்து, மூச்சு வரும்வரை நின்றேன். மேலே போனதும் ஆலங்கட்டி மழை. விரல் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. இறக்கத்தில் ஒரு பசுவுக்கு வழி விடப் போய்ச் சரளையில் விழுந்தேன். முழங்கை கிழிந்தது. இடுப்புக்கு ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே பாரில் நுழைந்ததும் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கடைக்காரி என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "யாரு அடிச்சாங்க?" என்றாள்.

"மலை."

"திருப்பி அடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. முதல்ல ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் ஊத்து."

ஊற்றினாள், காசு வாங்கவில்லை. ஒரு கிழவர் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எங்க போற தங்கச்சி?" என்றார். பெர்தா நியெதா என்றதும் தொப்பியைக் கழற்றினார். அவருடைய மைத்துனன் அங்கே வேலை பார்த்தவராம், தூசியில் நுரையீரல் போய் இறந்தவர். "அங்க இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார். "எங்கண்ணி இருக்காங்க. எங்கண்ணன் இருக்காரு" என்றேன். அண்ணி, அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நாளை லாகோனி பக்கம் இறங்குகிறேன். அதற்கப்புறம் சமவெளி, அப்புறம் உங்கள் மலை. அடுப்பில் ஏதாவது வையுங்கள்.

ரைமோண்டா


பெர்தா நியெதா
மே 1, 2009

அண்ணி,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. இருந்தும் எழுதுகிறேன். இந்த மலையில் வேறு யாரிடம் பேசுவது?

பாலம் இருந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டு ஆற்றைக் கடந்தேன். தண்ணீர் தொடை வரை. அதற்கு மேல் ரோடே இல்லை, மண் சரிந்து கிடந்தது. தள்ளினேன், தூக்கினேன், சில இடத்தில் தவழ்ந்தேன். முதலில் சைக்கிளை ஒரு பாறைமேல் ஏற்றி வைத்துவிட்டு, பிறகு நான் ஏறுவேன். இடுப்பில் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. அண்ணி காப்பி போட்டுக்கொண்டிருப்பாள், அண்ணி கதவைத் திறந்து வைத்திருப்பாள் என்று சொல்லிச் சொல்லி ஏறினேன்.

உங்கள் கதவு கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். மேஜைமேல் நாற்காலிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுப்பில் ஒரு பறவை கூடு கட்டியிருந்தது. பூனை எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தின் கூரை விழவில்லை, அப்படியே நிற்கிறது.

கத்தினேன். உங்கள் பெயரை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் சத்தம் கேட்டு மேலிருந்து இறங்கி வந்தார்.

"யாரைத் தேடுறீங்கம்மா?"

"அந்தியோகாவ."

"அவங்களா? அவங்க போன நவம்பர்லயே கீழ போயிட்டாங்களே! கன்னியாஸ்திரீங்க நடத்துற முதியோர் இல்லத்துல இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. "சுரங்கத்தைப் பாக்கத்தான் வந்தேன்."

"அதுல பாக்க என்னம்மா இருக்கு? கிழவி போன கையோட லாரி லாரியா வந்து மூடிட்டாங்க. பாலம் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு." என் சைக்கிளைப் பார்த்தார். "இதுலயா ஏறி வந்தீங்க? எங்கேருந்து?"

"நுவோரோ."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பையிலிருந்து பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்துப் பாறைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுரங்க வாய் இருந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பலகைபோல் சிமெண்ட். குழாயைத் தரையோடு தரையாக அறுத்து அடைத்துவிட்டார்கள். வேலிக்கு அடியில் நுழைந்து அதன்மேல் படுத்துக் காதை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. வேறு ஒன்றுமில்லை. அண்ணா என்று கூப்பிட நினைத்தேன். எதன் வழியாகக் கூப்பிடுவது?

உங்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அண்ணி. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பணியாரம், கரி, பூனை, ஞாயிற்றுக்கிழமைச் செய்தி, எல்லாவற்றையும் ஒரு இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்து எனக்காக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம்கூடச் சொல்ல முடியவில்லையா உங்களுக்கு? எனக்கு இருப்பது நீங்கள் ஒருத்திதானே?

இறங்கும் வழி அந்த இல்லத்தின் வாசல் வழியாகத்தான் போகிறது.

ரைமோண்டா


நுவோரோ
மே 11, 2009

அன்புள்ள அந்தியோகா அண்ணிக்கு,

நலம்தானே? எனக்கு நீங்கள் சொன்னதே நடந்தது. சமவெளியில் வில்லாசித்ரோவைத் தாண்டும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் மலையைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு லாரிக்காரர் பாதி வழி ஏற்றிக்கொண்டார். டாக்டர் ஒரு மணி நேரம் திட்டினார்.

நீங்கள் அடுப்பில் எதையாவது வைத்துக்கொண்டு காத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அங்கேதான் இருக்க வேண்டுமென்றால் இருங்கள், இனி வற்புறுத்த மாட்டேன். ஆனால் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். காரணம் எதுவும் கேட்க மாட்டேன்.

பழையபடி எழுதுங்கள். எதை எழுதினாலும் சரி.

உங்கள் ரைமோண்டா


புனித யோசேப்பு முதியோர் இல்லம்
முதல் மாடி
மே 20, 2009

ரைமோண்டா,

மேலே எழுதியிருக்கும் முகவரியைப் பார். இனிமேல் பெர்தா நியெதா என்று எழுதித் தொனாதோவைச் சிரமப்படுத்தாதே. உன் கடிதங்களையெல்லாம் அவர் இங்கேதான் கொண்டுவந்து கொடுத்தார், என் பேச்சுக்காக வாயை மூடிக்கொண்டு.

உன் கடிதத்தைப் படித்தேன். நல்ல மனசோடு எழுதியிருக்கிறாய். ஆனால் நான் உன்னைப் பார்த்துவிட்டேன், பெண்ணே. மே மாதம் இரண்டாம் தேதி காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தாய். முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேறு. வாசலில் இருந்த சிஸ்டரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாய். ரொம்ப நேரம் நின்றாய். மணியில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டாய். நான் கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அடுப்படியில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. தொனாதோ வந்து பார்க்கும்வரை கல் தரையில் கிடந்தேன். நகராட்சியிலிருந்து ஆள் வந்து, "கீழ வந்துடுங்கம்மா, ஆனா அப்புறம் சுரங்கத்த மூடிடுவோம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "கூட்டிட்டுப் போ" என்றேன். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, நானே போனேன்.

இங்கே முதல் நாள் சுடுதண்ணீரில் குளிப்பாட்டினார்கள். கட்டிலில் படுத்தேன், கதகதப்பாக இருந்தது. காலையில் எழுந்தபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் முழுக்க அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதற்குப் பிறகு லாரிகள் மலைக்குப் போவதை இதே ஜன்னலிலிருந்து பார்த்தேன். எண்ணவில்லை. திரையை மூடிவிட்டேன்.

உனக்கு எழுதும்போது மட்டும் நான் இன்னும் மேலே இருந்தேன். அந்த ஊரில் குடியிருக்க எனக்கு மிச்சம் இருந்தது உன் கடிதம் ஒன்றுதான். இப்போது நீ போய்ப் பார்த்துவிட்டாய். அதுவும் போயிற்று.

அறை இருக்கிறது என்கிறாய். காரணம் கேட்க மாட்டேன் என்கிறாய். தெரியும், கேட்க மாட்டாய். ஆனால் அன்று காலையில் நீ கேட்டுக்கு வந்தபோது முதலில் நீ என்று எனக்குத் தெரியவில்லை, மணியிலிருந்து கையை எடுத்துத் திரும்பியபோதுதான் தெரிந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி, சேறு, தோளைச் சாய்த்து நின்ற விதம். ஷிப்ட் முடிந்து அவர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். நாற்காலியை விட்டு இறங்கி, தரையோடு தரையாக உட்கார்ந்து, ஜன்னல் விளிம்புக்குக் கண்ணை மட்டும் உயர்த்தி, அவர் போகட்டும் என்று காத்திருந்தேன்.

நீ வராதே, ரைமோண்டா. எழுதவும் வேண்டாம்.

அந்தியோகா