அப்பா போட்ட ஃபேன்

மே 11, திங்கள்

பெரிய செய்தி, மூச்சு வாங்க எழுதுகிறேன்: அம்மாவின் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, ஆனால் கோளாறு தொடங்கிய இடம் இதயமே இல்லை, கழுத்து.

கத்திரி வெயில். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி வேறு வேறு. "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா சார்?" என்று டாக்டருக்கு முன்னாடியே கேட்டுவிட்டேன். (அம்மாவுக்குப் படபடப்பு தொடங்கிய மூன்று வாரமாக நான் பார்ப்பது இதய வீடியோதான். என் போன் என்னை டாக்டர் என்றே நம்புகிறது.) அவர் ஆமாம், தாளம் தப்பிய துடிப்புதான் என்றார். ஆனால் பார்த்தது அம்மாவின் கழுத்தை, நீட்டிய விரல்களின் நடுக்கத்தை. ரத்தப் பரிசோதனையில், கழுத்திலிருக்கும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன் எக்கச்சக்கம். இதயத்தை விரட்டுவது அதுதானாம். எந்த வீடியோவும் என்னைக் கழுத்துப் பக்கம் கூட்டிப்போகவில்லை.

மே 13, புதன்

மாத்திரை: தைராய்டை அடக்க ஒன்று, துடிப்பைக் குறைக்க ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று.

வீட்டில் தறி ஓடவில்லை. இத்தனை நாளாக அப்பா சேலை நெய்ய, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை போடும்போதெல்லாம் இழை அறுந்துகொண்டே இருந்தது. வேர்க்கிறது என்று அம்மா ஃபேன் போடுவார். காற்றில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், காய்ந்துதான் இழை அறுகிறது என்று அப்பா அணைப்பார். தினமும் இதே சண்டை. இன்று அப்பா அம்மாவிடம்:

"ஃபேன நிறுத்தினா சரியாப்பூடும்னு நெனச்சேன் செல்வி."

"நான் வெயில்னு நெனச்சேன். நாம சண்ட போட்டுக்கினு இருந்தோம், கழுத்து அது பாட்டுக்கு அது வேலைய பாத்துக்கினு இருந்துது."

பிறகு வாசலில் அப்பா என்னிடம், மெதுவாக: "அம்மா நெஞ்சு நின்னுடாதில்ல பாப்பா?"

"ஹார்மோன் எறங்குனா துடிப்பும் சரியாகலாம்னு சொன்னாருப்பா."

"ஆகலாம்னா?"

டீ போட்டேன்.

ஜூன் 29, திங்கள்

ஹார்மோன் இறங்கிவிட்டது. இ.சி.ஜி. கோடு சீர். டாக்டர்: "நல்லாயிடுச்சுனு நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகத் தறிக்கு. அப்பா எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். அம்மா அவரையே பார்த்தார்.

"பாவு காஞ்சிடும்யா."

"காயட்டும். அறுந்தா முடிச்சு போட்டுக்கலாம்."

இழை அறுந்தது. அப்பா முடிச்சுப் போட்டார்.

போனில் ரீல் போடத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்தேன், ஃபேன் இரைச்சலோடு. ரீலுக்குக் கீழே போட வேண்டியது: "படபடனு வருது, வேர்க்குது, கை நடுங்குதுனு அம்மா சொன்னா வெயில்னு விட்றாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்க தெரு குரூப்ல இத போடுங்க. உங்க வீட்ல ஃபேன் போடச் சொல்லிக்கினு இருக்கறது யாருனு கீழ எழுதுங்க."