கொல்லை மரங்களுக்குக் கோடரி இல்லை

முகில் தங்கும் பனிவரை நாட்டை ஆளும் ஏழு குன்றின் தலைவி ஆதிரைநங்கை விடுக்கும் ஓலை, வலம்புரிக் கோட்டத்து அதிபதி அடலேறு வேந்தர் திருமுன் சேர்க. தங்கள் கொடி ஓங்குக. தங்கள் களஞ்சியம் நிறைக. தங்கள் சினம் இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க.

இளவேனில் பிறந்ததும் எம் மக்களின் கொல்லைகளில் நிற்கும் நாவல் மரங்களில் கம்பளிப்புழுக்கள் வெண்ணூலால் கூடு கட்டியதும், தழையைத் தின்று கிளைகளை மொட்டையாக்கியதும் மெய்யே. அதற்காகக் கூடு கண்ட மரத்தையெல்லாம் வெட்டி எரிக்குமாறும், தவறினால் எம் முடி பறிபோகும் என்றும் ஆணையிட்டு, கோடரிப் படையையும் அனுப்பிவைத்தீர்கள்.

அப்படையை நெய் விற்கும் சாத்தி என்பாள் தன் கொல்லை வாயிலிலேயே மறித்தாள். தலையில் பேன் விழுந்தால் தலையையா வெட்டுவீர்கள் என்று அவள் வினவ, தங்கள் படைத்தலைவர் விடை தேடி எம் அரண்மனைக்கு வந்தார். அவ்வினாவை யாம் தங்களுக்கே அனுப்புகிறோம்.

வேந்தே, சென்ற ஆண்டு தங்கள் தலைநகரில் மரங்களுக்குத் தீப்பந்தம் பிடித்தீர்கள். புழு பாதி மாண்டது, மரம் முழுதும் மாண்டது. இங்கே விடியற்குளிரில் புழுக்கள் யாவும் கூட்டுக்குள் முடங்கிக் கிடக்கையில், முட்கழியை உள்ளே செருகித் திருகுகிறோம். கூடு மொத்தமும் கழியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பின் சாம்பல் நீரில் அமிழ்த்த வேண்டியதுதான். எட்டாத கூடுகளைக் குயில்களுக்கு விட்டுவிடுவோம். மொட்டையான மரம் மழைக்கு முன்னே மறுபடி தழைத்துவிடும்.

ஆகவே தங்கள் ஆணையை யாம் ஏற்கோம். தங்கள் வீரர்கள் யாவரும் நலம். சாத்தியின் வீட்டில் வயிறார உண்டு, விடியலில் அவளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே கூடு திருகுகிறார்கள். கார்காலத் தொடக்கத்தில் நேரில் வந்து பாருங்கள். அவள் நாவல் தளிர்க்காமல் நின்றால் எம் முடியை எம் கையாலேயே கழற்றித் தருவோம். தளிர்த்திருந்தால், அதன் நிழலில் அமர்ந்து நெய்ச்சோறு உண்டு செல்லுங்கள்.

இவ்வோலையுடன் தங்கள் கோடரிகளும் வருகின்றன. இரும்பு தங்களுடையது, ஒன்றும் குறையாமல் சரிபார்த்துக்கொள்க. காம்புகளைக் கழற்றி வைத்துக்கொண்டோம். முள் கட்டிக் கூடு திருக அவை எமக்கு வேண்டும்.

ஏழு குன்று முத்திரை பொறித்தோம். இனி எம் எல்லைக்குள் கோடரியோடு வருவோர் யாராயினும் காம்பை வாயிலில் தந்துவிட்டு வருக. தாங்களே வரினும் இதுவே எம் ஆணை.