வருடச் சந்தா

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் அனுப்ப முடியாது. இந்த வாரம் முழுக்க அது அப்பா கையில்தான்.

அப்பா கால்பந்து நேரலை பார்க்கச் சந்தா கட்டப்போகிறார். படிப்பை விட்டு நீ பந்தாடப் போனதிலிருந்து, இரண்டு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், தையல் கடை அளவு நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். கேபிளில் பெரிய அணிகளின் ஆட்டம் மட்டும்தான். போனில் மட்டும் பார்க்கும் மலிவுத் திட்டத்தில் எல்லாம் வரும், ஆனால் அவர் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் முகம் தெரியாது. மிச்சம் டிவியில் போடுகிற ஆப். "பந்துன்னாலே எரிஞ்சு விழுவீங்களே, இப்ப என்னவாம்?" என்று அம்மா சீண்டினாள். கடைக்கு வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று சமாளித்தார்.

நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். அடிபட்டதைச் சொல்லக் கூடாதென்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயே, அதனால் உங்கள் அணியின் ஆட்டம் எந்தத் திட்டத்திலும் வராது என்று சொன்னேன். ஒரு தரம் அளந்ததை நம்பி அவர் எந்தத் துணியை வெட்டியிருக்கிறார்? வாடிக்கையாளர் சேவைக்கே போன் போட்டார். அணியின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கடைசியில், "பச்ச சட்டை, நாலாம் நம்பர். எம் பையன்தாங்க. அவன் ஆடுறது வருமா, வராதா?" என்றார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

வருமாம். என்னைத் திட்டவில்லை. சரியாகப் பார்க்கவில்லையாம்மா என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு மாசத்துல அவன எறக்குவாங்களோ என்னவோ. வருஷத்துக்கே எடுத்துடலாம்" என்றார். இந்த வருடம் முழுக்க நீ ஆட முடியாது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த மாதம் ஆட்டங்கள் தொடங்குகின்றன. அந்தச் சட்டையில் வேறு யாரோ ஓடி வருவதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம், அண்ணா. அதற்கு முன் நீயே போன் பண்ணு. கோபமாகத்தான் பேசுவார், நீ வைத்துவிடாதே. சொல்ல வாய் வரவில்லையென்றால் அப்பா என்று மட்டும் கூப்பிடு. மிச்சத்தை அவரே கேட்பார்.

உன் கால் சீக்கிரம் தேற வேண்டிக்கொள்ளும்,
தங்கை