ராசு வீட்டில் நின்ற தொம்பை

கள்ளக்குறிச்சி
6.6.2025

அன்புள்ள ஜெயம்மாவுக்கு,

நிஷாக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனி வழக்கு நடத்துகிறது. நாளைக்கு பக்ரீத். உனக்குப் பிரியாணி கொடுத்தனுப்ப ஆசைதான், ஆனால் கண்டக்டர் வீரமுத்து மலை ஏறுவதற்குள் தூக்கைக் கழுவியே வைத்துவிடுவான். ஆகையால் கடிதம் மட்டும். உன் ஊருக்கு டவர் வரும்வரை நமக்கு அவன்தானே தபால்காரன்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருஷம் முன்னால் பெரியாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நாம் பெற்ற இரண்டு பெண்களும் ஒரே நாளில், என் கடையில், என் கம்ப்யூட்டரில் சாதிச் சான்றுக்கு மனு போட்டார்கள். என் பிர்தௌசுக்கு ஒன்பது நாளில் வந்துவிட்டது. உன் மலர்விழிக்கு நாலு மாசமாக வரவில்லை. மார்க் என்னவோ என் மகள் 489, உன் மகள் 512. சர்க்கார் மலைப் பிள்ளைகளுக்கென்று நர்சிங் சீட்டு ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. உன் மகள் மலைப் பிள்ளைதான் என்று நம்புவதற்குத்தான் அதற்கு நேரமில்லை.

இப்போது அசைந்திருக்கிறது. 12-ஆம் தேதி விசாரணை அதிகாரி உன் வீட்டுக்கே வருகிறார். ஆகஸ்ட் 11 கவுன்சிலிங்குக்குள் சான்று கையில் இருக்க வேண்டும். அக்கா சொல்வதைக் கேள்: சுவருக்கு வெள்ளையடி. அடைசல் எதுவும் கண்ணில் படக்கூடாது. உன் வீட்டுக்காரர் முனியனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிடு. பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கு.

"உன் யோசனைய கேட்டு எவன் உருப்பட்டிருக்கான்?" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர் பக்கீர் முகமது. இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் கேட்கிறார், அதனால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

துஆவுடன்,
அஸ்ரப் நிஷா


கரியாலூர் மலை
14.6.2025

அன்புள்ள நிஷாக்காவுக்கு ஜெயம்மாள் வணக்கம்.

நீ சொன்னபடியே செய்தோம். வெள்ளையடித்ததில் வீடு எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆடு வாசல் வரை வந்து திரும்பிப் போனது. சாமை கொட்டி வைக்கும் மூங்கில் தொம்பை பாதி வீட்டை அடைத்துக்கொண்டு, சாணி மெழுகி, கறுப்பாக நின்றது. அதைக் காலையிலேயே நாலு பேர் பிடித்துத் தூக்கிப் பக்கத்து வீட்டு ராசு வீட்டில் வைத்துவிட்டோம். ராசு என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவனும் பையனுக்கு மனு போட்டிருக்கிறான்.

அதிகாரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிஸ்கட் தின்றார். சுவரைப் பார்த்துவிட்டு, "வூடு டவுன் வூடு மாதிரி இருக்குதேம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை அக்கா.

"வில்லு அம்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இன்னாத்துக்குங்க சார்? பரண் மேல மண்வெட்டிதாங்க இருக்குது."

எழுதிக்கொண்டார். பிறகு ராசு வீட்டுக்குப் போனார். ராசு எதையும் கூட்டவில்லை, பெருக்கவில்லை. அழுக்கு லுங்கியோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தான். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் தொம்பையும் எங்கள் தொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எங்களுடையதற்கு முன்னால் அவனை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். என் வீட்டுக்காரர், "சார், அது எங்..." என்று வாயைத் திறந்தார். தானியத்தை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து நான் அவர் கையைக் கிள்ளிவிட்டேன்.

நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயம்மாள்


கள்ளக்குறிச்சி
9.7.2025

ஜெயம்மா,

உத்தரவு வந்திருக்கிறது. நான்தான் பிரிண்ட் எடுத்தேன். "மனுதாரர் குடும்பத்தில் பழங்குடியினருக்குரிய வாழ்க்கை முறை காணப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது." மூன்று முறை படித்தேன். நாலாவது முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். அதேதான் இருந்தது.

ராசு பையனுக்குக் கிடைத்துவிட்டது.

ஒரே தாத்தா, ஒரே ரத்தம், நடுவில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பழங்குடி, இந்தப் பக்கம் அக்கா பேச்சைக் கேட்ட குடி. உன் தலையில் நான்தான் வெள்ளையடித்துவிட்டேன்.

மேல்முறையீடு உண்டு. தந்தை வழிச் சொந்தத்தின் சான்றைவிடப் பலமான ஆதாரம் வேறில்லை. ராசுவிடம் நகல் கேட்டு வீரமுத்துவிடம் கொடுத்தனுப்பு. சீக்கிரம்.

நிஷா


கரியாலூர் மலை
20.7.2025

அக்கா,

ராசுவிடம் மூன்று முறை போனேன். முதல் முறை புளி கொடுத்தான். இரண்டாவது முறை கண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறைதான் சொன்னான்: "கோவிச்சிக்காதீங்க அண்ணி. உங்களுக்கு நான் சொந்தம்னு ஆபீஸ்ல காட்டுனா, உங்கள பாத்த கண்ணாலயே என்னையும் பாப்பாங்க. எம் பையனுது மூணு வருசம் அலைஞ்சி வந்துதுங்க அண்ணி."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் புளிகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

மலர் யாரோடும் பேசுவதில்லை. வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முதுகெல்லாம் சுண்ணாம்பு. கொஞ்ச நாளைக்கு வேடிக்கையாக எழுதாதே அக்கா. சிரிக்க உடம்பில் தெம்பு இல்லை.

ஜெயம்மாள்


கள்ளக்குறிச்சி
2.8.2025

அன்புள்ள ஜெயம்மா,

வேடிக்கையாக எழுதக்கூடாது என்று உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். வேடிக்கை இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட வராது என்று இந்த வயசில்தான் தெரிகிறது. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மேல்முறையீட்டோடு என் வாக்குமூலத்தையும் சேர்த்துவிட்டேன். விசாரணைக்கு முனியனோடு நானும் போனேன். பெரிய அதிகாரி, நம் வயசுப் பெண். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கதான் வெள்ளையடிக்க சொன்னீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"தொம்பைய தூக்கி அடுத்த வூட்ல வெக்கவும்?"

"இல்லீங்க. அது அவங்க சொந்த மூளைங்க."

அவர் சிரிக்கவில்லை. கீழே வேலை பார்ப்பவரைப் பார்த்து, "சுவரு அழுக்கா இருந்தாதான் பழங்குடியா? எந்த சட்டத்துல போட்டிருக்குது, காட்டுங்க" என்றார். அந்த ஆள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நானும் இருபது வருஷம் மனு எழுதுகிறவள். அந்த ஃபைலில் அப்படி ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

7-ஆம் தேதி மறுவிசாரணைக்கு உத்தரவு. தொம்பையைத் திரும்பக் கொண்டுவரலாமா, வேண்டாமா என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நிஷாக்கா


கள்ளக்குறிச்சி
19.8.2025

ஜெயம்மா,

பதில் இல்லை. 7-ஆம் தேதி ஆள் வரவில்லை, சிறப்பு முகாமுக்குப் போய்விட்டார்கள் என்று வீரமுத்து சொன்னான். 11-ஆம் தேதியும் போய்விட்டது. பிர்தௌஸ் நேற்றுக் காலேஜில் சேர்ந்தாள். ஹாஸ்டல் வாசலில் அவள் கேட்டது ஒன்றுதான்: "மலரு எப்ப வரும்மா?" எனக்குத் தெரிந்த எல்லா மனு வாசகமும் மறந்துபோனது.

கோபம் என்றால் கோபமாகவாவது இரண்டு வரி எழுது. மலருக்கு மனசிருந்தால் அடுத்த கவுன்சிலிங் வரை என் கடையில் வந்து இருக்கட்டும். பிர்தௌஸ் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. என் கூலி அவளுக்கும் உண்டு. என் யோசனை கிடையாது.

நிஷா


கரியாலூர் மலை
27.8.2025

அன்புள்ள நிஷாக்காவுக்கு,

கோபம் இருந்தது. இப்போது அசதிதான் இருக்கிறது. அசதிக்குப் பதில் எழுத வராது, அதனால்தான் தாமதம்.

18-ஆம் தேதி வேறு ஒரு அதிகாரி வந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சேலையோடுதான் நின்றேன். போன தடவை பணக்காரி வேஷம் போட்டுத் தோற்றேன். இந்தத் தடவை ஏழை வேஷம் போட எனக்கு மனசில்லை. வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. நாற்காலி இல்லை.

அவர் எழுத ஆரம்பிக்கும்போது ராசு வந்தான். அவனும் அவன் மச்சான்களும் தொம்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் இறக்கினான். சட்டைப் பையிலிருந்து மகனுடைய சான்றை எடுத்து அதன் மேல் வைத்தான். காற்றில் பறந்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சார், போன தடவ வந்த சார் எடுத்த போட்டோல எம் பின்னாடி நிக்கறது இதாங்க. இது எங்க அண்ணன் வூட்டு தொம்பை. இவங்க மலக்காரங்க இல்லன்னா நானும் இல்லீங்க. என்னுதையும் எழுதிக்கினு போங்க."

அதிகாரி போன பிறகு என்னிடம், "எலி ஜாஸ்தியா இருக்குது அண்ணி, எடுத்துக்குங்க" என்றான். அவ்வளவுதான். புளி கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

நேற்றுச் சான்று வந்தது. மலர் வாங்கிப் படித்தாள். பிறகு அதில் இருக்கும் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கவுன்சிலிங் முடிந்து பதினைந்து நாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "அடுத்த வருசத்துக்கு இது செல்லுமாம்மா?" என்றாள். செல்லும் என்று சொன்னேன். செல்லும்தானே அக்கா?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறாள். ஒரு நிபந்தனை. மலையிலிருந்து மனு போட வருகிறவர்களை அவள்தான் பார்ப்பாள். சுவர், சட்டை, நாற்காலி பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது.

அவள் கையில் எழில்மதியின் போட்டோவும் பள்ளிச் சான்றும் கொடுத்தனுப்புகிறேன். சின்னவள் இப்போது ஆறாம் வகுப்புதான். நர்சிங்குக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. இருந்தாலும் திங்கட்கிழமை கடை திறந்ததும் அவளுடைய மனுவை முதலில் போட்டுவிடு.

இப்படிக்கு,
ஜெயம்மாள்