நீ தாண்டி வாசித்த வரி

என் அருமைத் துரோகியே,

இன்று காலை, நீ தந்த பேனைகளில் ஆறாவது காலமானது. 'முட்டை வாங்க' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'முட்' என்பதோடு மூச்சு நின்றுவிட்டது. உதறினேன், ஊதினேன், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடு கொடுத்தேன். உலகத்தில் எந்த டாக்குத்தரும் ஒரு நோயாளிக்காக அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார். பயனில்லை. மேசை லாச்சியை இழுத்தேன். மிச்சம் எட்டும் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மெல்லிய முனை. ஏழாவதன் மூடியைக் கழற்றியதும் புது மையின் வாசம் வந்தது. கூடவே உன்மீதுள்ள கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை மையாக ஊற்றினால் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி முழுவதும் கறுத்துப்போகும்.

பதினாலு செவ்வாய்க்கிழமைகள், பதினாலு பேனைகள். அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது நீ போன பிறகுதான்.

ஊருக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளனாக இருந்தவன் நான். பஸ்கள் நேரத்துக்குப் போயின. நான்தான் எங்கும் நேரத்துக்குப் போனதில்லை. மருமகளின் கலியாண எழுத்தன்று சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டிய தாய்மாமன் நான். பதிவுகாரர் காத்திருக்கிறார், பெண் காத்திருக்கிறாள், பலகாரத் தட்டில் மொய்த்த இலையான்கள்கூடப் பொறுமை இழந்துவிட்டன. நானோ கொடிகாமம் சந்தையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மோந்துகொண்டு நிற்கிறேன். என் இடத்தில் நீ கையெழுத்து வைத்தாய். அடுத்த கிழமை இரண்டு கொப்பிகளோடு வந்தாய். கனடாவில் இருக்கும் உன் மகள் அனுப்பியவை. பார்சல் என்றதும் சொக்கலேற்றை நினைத்து நான் வாயூறி நின்றேன்.

"மச்சான், இதுக்குப் பேர் புல்லட் ஜர்னல்," என்றாய்.

"புல்லட்டோ? உந்தச் சொல்லை இந்த ஊரிலை இவ்வளவு சந்தோசமாய்ச் சொன்ன முதல் ஆள் நீதான்."

"விசர்க்கதை கதையாதை. புள்ளிக் கொப்பி எண்டு சொல்லுவம். திற. முதல்லை பக்கங்களுக்கு இலக்கம் போடு."

கப்பலில் எஞ்சின் அறையின் சூட்டை மணிக்கு மணி எழுதி வைத்த கை உன்னுடையது. அந்தக் கையால் முதல் பக்கத்தில் சட்டங்களை எழுதித் தந்தாய். செய்யவேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அந்தப் புள்ளியின்மேல் ஒரு பெருக்கல் அடையாளம். அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் அம்பு. தேவையில்லை என்றால் குறுக்கே ஒரு வெட்டு. போகவேண்டிய இடம், வரவேண்டிய ஆள் என்றால் சின்ன வட்டம். மனதில் பட்டதை எழுத ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். பேரரசுகள் இதைவிடக் கூடிய சட்டங்களோடு கவிழ்ந்திருக்கின்றன என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

முதல் நாள் நான் நாற்பத்து மூன்று வேலைகள் எழுதினேன். தலைப்புக்குச் சிவப்பு, ஓரத்துக்குப் பச்சை, மூலையில் ஒரு மயில். நீ பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

"உது சித்திரப் பாடமோடா? ஒரு நாளைக்கு அஞ்சு வேலை எழுது. ஒரு பேனை காணும். வடிவு வேண்டாம், உண்மை காணும்."

உண்மை போதும், உண்மை காணும் என்றாய். இதை இன்றைக்கு இரண்டாம் தரம் எழுதிப் பார்க்கிறேன்: உண்மை காணும் என்றாய்.

மாதக் கடைசி நாளில் பின்னேரம் மணியத்தின் தேத்தண்ணிக் கடையில் நம் நீதிமன்றம் கூடும். இரண்டு கொப்பிகளும் மேசைக்கு வரும். முடியாத வேலைகளை ஒவ்வொன்றாக உரத்து வாசித்து, அதன்மேல் அம்பு போட்டு, அடுத்த மாதப் பக்கத்துக்கு ஏற்றவேண்டும். யாருக்கு அம்பு கூடவோ அவன் பொறுப்பில் தேத்தண்ணியும் வடையும். சமன் வந்தால் மணியத்தின் பொறுப்பு என்று அவனைக் கேட்காமலே ஒரு சட்டமும் போட்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் உன்னுடையது: "மூண்டாம் அம்பு கிடையாது. மூண்டாம் முறையும் தள்ள வந்தால், இண்டைக்கே செய், இல்லாட்டி வெட்டு."

என் கேற்றின் பிணைச்சல் கழன்று கிடந்தது. அதைத் திருத்துவதற்கு இரண்டு மாதம் அம்பு விட்டேன். மூன்றாவது மாதம் பேனையைத் தூக்கியதும் கையைப் பிடித்தாய்.

"எழும்பு."

"மச்சான், மழை வரப்போகுது."

"உன்ரை கேற்றுக்கு மழையிலை தடிமன் பிடிக்காது. எழும்படா."

அன்று பின்னேரமே உன் ஆயுதப் பெட்டியோடு வந்து நின்று திருத்துவித்தாய். அந்தக் கேற் இன்றுவரை ஒரு சொல் பேசாமல் திறக்கிறது. உன்னைவிட நேர்மையான கேற்.

ஏப்ரிலில் நீ செவ்வாய்க்கிழமைகளில் யாழ்ப்பாணம் போகத் தொடங்கினாய். சிவத்தின் ஓட்டோவில் காலையில் போய் மத்தியானம் திரும்புவாய். கேட்டேன். "நல்ல பேனை தேடுறன் மச்சான். உந்தக் கொப்பித் தாளுக்கு தடிச்ச முனையெண்டால் மை ஊறுது" என்றாய். நான் நம்பினேன். திரும்பும்போது எனக்கும் ஒரு பேனை கொண்டுவந்தாய். பேனைக்காகக் கிழமைக்குக் கிழமை பட்டணம் போகும் சீமான் என்று உன்னைப் புகழ்ந்து ஊர் முழுக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, நீ தேடியது தங்க முனையுள்ள பேனையாகவும், அதை வைத்திருந்தது ஒரு பழைய ஜமீன்தார் குடும்பமாகவும் வளர்ந்துவிட்டது. உனக்குத் தெரியும், நான் அப்படித்தான்.

மெலிந்தாய். கேட்டதற்கு, சீனியைக் குறைத்தேன் என்றாய். அதையும் நம்பினேன். நானும் ஒரு கிழமை சீனியைக் குறைத்தேன், துரோகி.

செப்ரெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மணியம் சைக்கிளில் வந்து கேற்றில் நின்றான். "அண்ணை, உங்கடை சிநேகிதர்..." என்று தொடங்கினான்.

செத்தவீட்டில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் என் முழுக் குரலில் சொன்னேன்: "ஒரு தலையிடிகூட இல்லாத மனிசன்! கல்லு! கருங்கல்லு! முந்தநாள் என்னோடை கடைவரைக்கும் நடந்து வந்தவன்!" நான் சொல்லச் சொல்ல உன் மனைவி தலையைக் குனிந்தாள். வாசலில் நின்ற ஓட்டோச் சிவம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன். அங்கே நின்றவர்களில் கடைசி முட்டாள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியாது.

அந்தியேட்டியன்று, முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது, உன் மனைவி உன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணை, இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

"எப்ப சொன்னவன்?"

"போறதுக்கு ரண்டு நாள் முதல். 'அவனிட்டைக் குடு. இனி அவன் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் எனக்குப் பிரச்சினை இல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஏப்ரில் பக்கம். செவ்வாய்க்கு நேரே ஒரு வட்டம்: ஆஸ்பத்திரி. அதன் கீழ் ஒரு புள்ளி: அவனுக்குப் பேனை. புள்ளியின்மேல் பெருக்கல். இன்னொரு செவ்வாய், ஆஸ்பத்திரி, அவனுக்குப் பேனை, பெருக்கல். பதினாலு முறை. அதே ஏப்ரில் பக்கத்தின் அடியில் இன்னொரு புள்ளி: அவனுக்குச் சொல்ல வேணும். அதன்மேல் அம்பு. மே மாதத்தில் அதே வரி, அம்பு. ஜூனில் அம்பு, மூன்றாம் அம்பு! கேற்றுப் பிணைச்சலுக்கு என் கையைப் பிடித்து எழுப்பிய நீ, மூன்றாம் அம்பை ஒரு சத்தமும் இல்லாமல் விட்டிருக்கிறாய். ஜூலையில் நாலாவது. ஓகஸ்ற்றில் ஐந்தாவது.

அதாவது ஐந்து மாதக் கடைசிகளில், எனக்கு எதிரே இருந்துகொண்டு, உரத்து வாசித்துக்கொண்டு வந்து, அந்த ஒரு வரியை மட்டும் தாண்டியிருக்கிறாய். ஜூலையில் எனக்கு மூன்று அம்பு. நீ இரண்டு என்று வாசித்தாய், நான் தோற்றேன். உண்மையில் சமன்! அன்று நீ கடித்த வடை மணியத்தின் பொறுப்பில் வந்திருக்கவேண்டிய வடை. என் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான முகத்தோடு ஒருவன் வடை களவெடுத்ததை நான் கண்டதில்லை.

சிவத்தைச் சந்தியில் மறித்தேன்.

"உனக்குத் தெரியுமோடா?"

"ஓம் அண்ணை." நோயின் பேரையும் சொன்னான்.

"எப்பவிருந்து?"

"முதல் செவ்வாயிலிருந்து. கோயில் வாசலிலை ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லிச் சத்தியம் வாங்கினவர். உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதெண்டு."

எனக்கு மட்டும்! ஊருக்குச் சொல்லக்கூடாது என்றால் பொறுத்திருப்பேன். ஐம்பது வருடச் சிநேகிதத்துக்கு, ஓட்டோவின் பின்சீற்றில் எனக்கென்று தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாய்.

காரணத்தையும் நீயே எழுதி வைத்திருந்தாய். ஜூன் பக்கத்தில், அந்த மூன்றாம் அம்புக்குக் கீழே, ஒரு சிறு கோடு போட்டு: 'சொன்னால் பின்னேரத்துக்குள்ளை ஊரிலை எனக்கு மூண்டு வருத்தம் இருக்கும்.'

ஒரு நோயை மூன்றாக்குபவனோ நான் என்று மறுக்க வாய் திறந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. வாயை மூடினேன். கெளிற்று மீன் உன் காலில் குத்திய நாள் ஞாபகம் வந்தது. காலையில் ஒரு முள். நான் சந்தைக்குப் போய்வந்த நேரத்துக்குள் அது என் வாயால் விஷமாகி, மத்தியானம் முழங்காலுக்கு ஏறி, பின்னேரம் கரவெட்டியிலிருந்து உன் தங்கச்சி, "அண்ணையின்ரை காலை வெட்டிப்போட்டாங்களாம்" என்று குழறிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினாள். நீ இரண்டு காலோடும் முற்றத்துக்கு வந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் தங்கச்சி நெடுநேரம் நிலத்திலேயே இருந்தாள், எழும்ப முடியாமல். அதை நீ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அன்றைக்கே உன் மனக் கொப்பியில் எனக்கு நேரே ஒரு கோடு போட்டிருப்பாய்.

சரி. ஆனாலும் ஒருதரம் என்னைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரியின் மர வாங்கிலில் உன் பக்கத்தில் இருந்திருப்பேன். பஸ் நிலையத்து மைக்கில் பழகிய இந்தக் குரலை அடக்கி, உன் இலக்கம் கூப்பிடும்வரை பேசாமல் இருந்திருப்பேன். இருந்திருப்பேனா? தெரியாது. அந்தத் தெரியாததைத்தான் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். என்னால் முடியும் என்று காட்ட எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமைகூட நீ தரவில்லை.

செப்ரெம்பர் பக்கத்திலும் அந்த வரி இருக்கிறது. பெருக்கல் இல்லை, அம்பு இல்லை, வெட்டும் இல்லை. வெறும் புள்ளி.

அந்தியேட்டி முடிந்ததும் என் கொப்பியில் ஒரு புள்ளி வைத்தேன்: அவனோடை சண்டைபிடிச்சு ஒரு கடிதம் எழுத வேணும். ஒக்ரோபர் முடிவில் அம்பு. நவம்பர் முடிவில் அம்பு. இன்று டிசம்பரின் கடைசி நாள். உன் சட்டப்படி, செய் அல்லது வெட்டு.

பின்னேரம் மழைக்குள் குடையோடு மணியத்தின் கடைக்குப் போனேன். உன் கொப்பியையும் கொண்டுபோனேன். மணியம் வழக்கம்போல இரண்டு தேத்தண்ணி வைத்தான். மூன்று மாதமாக அப்படித்தான் வைக்கிறான், நான் தடுக்கவில்லை. முதலில் என் அம்புகளை வாசித்தேன். இரண்டு. பிறகு உன் கொப்பியைத் திறந்து, ஏப்ரிலில் தொடங்கி, நீ ஐந்து மாதம் தாண்டிய வரியை மாதம் மாதமாக உரத்து வாசித்தேன். அவனுக்குச் சொல்ல வேணும். அவனுக்குச் சொல்ல வேணும். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

மணியம் கரண்டியோடு வந்து நின்றான். "என்ன சொல்ல வேணும் எண்டு எழுதினவர் அண்ணை? அவருக்கு உண்மையிலை என்ன நடந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பழக்கமான பார்வை அது. அந்தப் பார்வைக்குத்தான் நான் முள்ளை விஷமாக்கியவன், பேனைக்குத் தங்க முனை பூட்டியவன். எவ்வளவு கூட்டினாலும் பரவாயில்லை என்று நீயே அனுமதி தந்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"ஈரலிலை கான்சர்," என்றேன். "ஏப்ரிலிலை தெரிஞ்சது. எனக்குச் சொல்லேல்லை."

"வேறை ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"இல்லை. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்துவிட்டேன். என் புள்ளியின்மேல் பெருக்கல் போட்டாயிற்று. உன் செப்ரெம்பர்ப் புள்ளியை நான் தொடவில்லை. நீ செய்யாமல் விட்ட வேலைக்குப் பெருக்கல் போட என் கை வராது. வெட்டவும் வராது. அது அப்படியே என்னோடு கிடக்கட்டும், இந்த ஏழாவது பேனைக்குப் பக்கத்தில்.

நீ போய்விட்டாய், அதனால் நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்: ஊரில் இப்போது உனக்கு ஒரு வருத்தம்தான் இருக்கிறது, மச்சான். ஒன்றே ஒன்று.